டீச்சரம்மா பதில்கள்: ஜெபம் முடிந்த பிறகு

இந்த மாதம் ஏழு கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் இறையியல் படித்தவள் அல்ல. சாத்தான்குளம் பக்கத்தில் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் 36 வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். உபதேசக் கேள்விகளை உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். வீட்டிலும் கடையிலும் அடுக்களையிலும் இயேசுவைப் பின்பற்றுவதில் வருகிற தடுமாற்றங்களை எனக்கு எழுதுங்கள். நானும் அங்கேதான் தடுமாறினேன்.

* * *

டீச்சரம்மாவுக்கு ஸ்தோத்திரம். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தவறியதே இல்லை. ஆனால் ஏழரைக்குள் இரண்டு பிள்ளைகளையும் கத்தித் தீர்த்துவிடுகிறேன். போன வாரம் மூத்தவன், "ஜெபம் பண்ணுற அம்மா வேற, டிபன் கட்டுற அம்மா வேற" என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து ஜெபத்தில் கண்ணை மூடவே கூச்சமாக இருக்கிறது. சாந்தம் எனக்கு வரவே வராதா?
— இரண்டு பிள்ளைகளின் தாய், பாளையங்கோட்டை

மகளே, பிள்ளை சொன்னதை நீ அப்படியே எழுதியிருக்கிறாய். மழுப்பி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. நானும் மழுப்பாமல் ஒன்றைச் சொல்கிறேன்.

1979-ஆம் வருஷம், ஆனி மாதம், மூன்றாம் வகுப்பு. பதநீர்க் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் பிந்தித்தான் வருவார்கள். அப்பா பனையேறுவார், அம்மா விடிலிக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சுவாள், அடுப்புக்குக் காய்ந்த மட்டை இழுத்துப் போடுவது பிள்ளைகள் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எரிச்சல். என் கைக்குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை. அந்த வாரத்தில் நான்காவது தடவையாகப் பிந்தி வந்த ஒரு பையனைக் கையை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அடிக்கு நீட்டுவது வலது கையைத்தான். திமிர் என்று நினைத்துக்கொண்டேன். "அந்தக் கையை நீட்டுலே" என்றேன். மூடின கையாகவே கொண்டுவந்தான். திறக்கச் சொல்லி, மர ஸ்கேலால் ஓங்கி ஒரு அடி.

ஸ்கேலைத் திரும்ப எடுத்தபோது அதில் ரத்தம். காலையில் மட்டை இழுத்தபோது அதன் ஓரத்துக் கருக்கு அறுத்திருக்கிறது. உள்ளங்கையின் குறுக்கே நீளமாக ஒரு வெட்டு, அதன் மேல் அவன் அம்மா அப்பியிருந்த மஞ்சள். அவன் அழவில்லை. "எழுதுற கை டீச்சர், அதான்" என்றான்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே பிள்ளைகளை நிற்க வைத்து "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" சொல்லிக்கொடுத்தவள் நான்.

சாயங்காலம் விடிலிக்குப் போனேன். அந்தத் தாய் என்னை உட்கார வைத்து ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தாள். "பிந்தி வந்தா அடிக்கத்தான செய்வீங்க டீச்சர்" என்றாள். எனக்கு வாய் எழும்பவில்லை. பட்டை காலியாகும்வரை தலை குனிந்து குடித்துவிட்டு, பிறகுதான் பையனைக் கூப்பிட்டு "நான் செஞ்சது தப்பு" என்று சொன்னேன். எல்லாருக்கும் முன்னால் அடித்தேன் என்பதால் மறுநாள் எல்லாருக்கும் முன்னால் இன்னொரு தடவை சொன்னேன். அன்றைக்கு வகுப்பு இருந்த அமைதியை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அதோடு கோபம் போய்விடவில்லை, மகளே. ஒன்று மட்டும் செய்தேன். மேசை மேல் கிடந்த ஸ்கேலை எடுத்து, வகுப்பின் கடைசியில் இருந்த அலமாரி மேல் வைத்தேன். மேசையிலிருந்து அலமாரிக்குப் பதினொரு தப்படி. பிள்ளைகளுக்கு நடுவே, எண்ணெய் வைத்து வகிடெடுத்த அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்ற சங்கீத வசனத்தை அந்தப் பதினொரு தப்படியில் சொல்லி முடிக்கலாம். அந்த வருஷம் பல தடவை பாதி வழியில் திரும்பினேன். ஒரு தடவை போய் எடுத்தும்விட்டேன், அதையும் மறைக்கவில்லை.

உன் வீட்டில் அலமாரி எது என்று பார். ஒரு வாரம், கத்தின நேரத்தையும் எதற்காகக் கத்தினாய் என்பதையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுது. ஒரு சாக்ஸ் காணோம், தண்ணீர் பாட்டில் கழுவவில்லை, டைரியில் கையெழுத்து வாங்கவில்லை என்று மூன்று நான்கு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றையெல்லாம் முந்தின ராத்திரி எட்டரை மணிக்கே முடித்துவிடு. ஆறு மணி ஜெபம் அரை மணி நேரம் நீண்டு அதனால்தான் பிந்துகிறது என்றால், பள்ளி நாட்களில் பத்து நிமிடமாகச் சுருக்கு. நீளமான ஜெபத்தை ராத்திரிக்கு மாற்றிக்கொள். இதை எழுத எனக்குத் தயக்கமே இல்லை.

கத்திவிட்ட நாளில், பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடு. "நீ ஒழுங்கா இருந்தா நான் ஏன் கத்துறேன்" என்று வாலை ஒட்டாதே. அது மன்னிப்பு இல்லை.

பவுல் சாந்தத்தை ஆவியின் கனி என்று எழுதினார். எங்கள் பக்கம் கனி என்றால் பனைதான் ஞாபகம் வரும். விதை போட்டுப் பாளை வர பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உன் மூத்தவனுக்கு இப்போது எத்தனை வயது என்று நீ எழுதவில்லை. அவன் ஒரு நாள் தன் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிடும்போது எந்தக் குரலில் பேசுகிறான் என்று பார்.

* * *

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு சொல்லும் நேரம் வந்தாலே எனக்கு நெருடுகிறது. "இன்ன வீட்டுப் பிள்ளைக்காக ஜெபிப்போம், என்ன நடந்ததுன்னா..." என்று ஆரம்பித்து முழுக் கதையும் வந்துவிடுகிறது. குறுக்கே பேசினால் ஜெபத்துக்கு விரோதி ஆகிவிடுவேன்.
— ஒரு சகோதரி, திருச்செந்தூர்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரி, மஸ்கட்டில் இருக்கிற மகனுக்கு எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே போன் பண்ணி, "அப்பாவுக்கு சீரியஸாம்மா?" என்று அழுதான். ஜெபக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டிருந்தார்கள். போட்டவர்கள் அன்பாகத்தான் போட்டார்கள். ஆனாலும் என் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி அது.

குறுக்கே பேச வேண்டாம். உங்கள் முறை வரும்போது, "இந்த வாரம் ஒரு குடும்பத்துக்காக ஜெபிக்கக் கேட்கிறேன், பேர் சொல்ல அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை" என்று மட்டும் சொல்லி அமருங்கள். அடுத்த வாரமும் அப்படியே. ஐக்கியத் தலைவியைத் தனியாகப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களே கேட்டுக்கொண்டால்தான் பெயர் சொல்வது என்று ஒரு வழக்கம் வைக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லாவிட்டால் கர்த்தருக்கு ஆள் தெரியாமல் போகாது.

* * *

நான் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். அதற்கு முன் எட்டு வருஷம் என் தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடுதலாகவே காட்டும்படி வைத்திருந்தேன். இப்போது சரியாக இருக்கிறது. பழைய பாவத்துக்காக ஆலயக் கட்டட நிதிக்கு ஒரு பெரிய தொகை கொடுக்க நினைக்கிறேன். மனச் சமாதானம் கிடைக்குமா?
— ஒரு வியாபாரி, ஆலங்குளம் பக்கம்

தம்பி, இதை எழுதத் தைரியம் வேண்டும். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் கட்டட நிதி என்றதும் நான் பேனாவை வைத்துவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 100 கிலோ சரக்கு எடை போட்டிருந்தால் குறைந்தது 5 கிலோ. வருஷத்துக்கு 300 நாள் என்றால் 1,500 கிலோ. எட்டு வருஷத்தில் 12,000 கிலோ, அதாவது 12 டன். உங்கள் வியாபாரம் இதில் பாதியாக இருந்தாலும் 6 டன். அரிசியும் பருப்பும் சீனியுமாக இது யார் வீட்டுப் பானையிலிருந்து வந்தது? ஆலங்குளம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை பீடிக் கூலி வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வருகிற பெண்கள்தான் உங்கள் வாடிக்கையாக இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பருப்பு எப்படி ஆலயத்துக்குத் தூணாகும்?

சகேயு என்ன சொன்னான் என்று லூக்கா 19-ஐ மறுபடி வாசியுங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய், யாரிடம் வாங்கினானோ அவனுக்கே. தேவாலயத்துக்கு என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை. இயேசு அதைக் கேட்டுத்தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார்.

பழைய பற்று நோட்டுகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், எந்தக் கடைக்காரரும் போட மாட்டார். எடுத்துத் தூசி தட்டுங்கள். அதில் பெயர் இருக்கிறது. இன்றும் உங்களிடம் பற்று வைத்திருக்கிற பழைய வாடிக்கைக்காரர்கள் இருந்தால் அந்தப் பாக்கியை அடித்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். இந்த இடம்தான் கஷ்டம். "ஆண்டவர் ஆசீர்வதித்தார், அதனால் தள்ளுபடி" என்று சொன்னால் நீங்கள் தர்மவானாகிவிடுவீர்கள், அவர்கள் கடன்பட்டவர்களாகவே நிற்பார்கள். பெயர் தெரியாதவர்களுக்குக் கொசுறு இருக்கிறதே! நம் கடைகளில் எப்போதும் உள்ள பழக்கம்தான். எடை போட்டு முடித்தபின் ஒரு கை அள்ளிப் போடுங்கள். எட்டு வருஷம் எடுத்ததை எட்டு வருஷம் கொடுங்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை அரசு முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சான்றிதழை வாடிக்கைக்காரர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சுவரில் எழுதுவதைவிட அது நல்லது. வீட்டில் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லாவிட்டால் இன்று ராத்திரியே சொல்லுங்கள்.

கட்டட நிதிக்கு அப்புறம் கொடுக்கலாம்.

* * *

ஒரு நாளைக்கு எத்தனை அதிகாரம் வேதம் வாசிப்பது சரி?
— கல்லூரி மாணவி, மதுரை

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். என் அப்பா அப்படித்தான் வாசித்தார். நான் ஆதியாகமத்தில் வேகமாக ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்று நின்று போகிறவள். உன் வயதில் நான்கு சுவிசேஷங்களை முதலில் நிதானமாக வாசி. வாசித்ததில் "இதை இன்றைக்குச் செய்" என்று ஒரு வசனம் கையைப் பிடித்தால் அன்றைக்கு அதோடு மூடிவை. செய்துவிட்டு வந்து மறுநாள் திற.

* * *

எனக்கு 26 வயது, பெங்களூரில் வேலை. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணைத் திருமணம் செய்ய விரும்புகிறேன். இரு வீட்டாருக்கும் தெரியும். விசுவாசமுள்ள குடும்பம், பெண்ணைப் பற்றி அம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம். ஆனாலும், "எல்லாம் சரி, நம்ம ஆளுங்க இல்லையே" என்கிறார்கள். அப்பா ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறார். பெற்றோரைக் கனம்பண்ணு என்ற கட்டளையை மீறாமல் நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

தம்பி, உன் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1957-இல் எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டுக்குத் துணி வெளுத்துக் கொண்டுவரும் ஒரு அம்மா புறவாசலில் வந்து நிற்பார். எங்கள் சபைதான் அவரும். பின் சுவரின் இடுக்கில் அவருக்கென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை செருகியிருக்கும். அவரே எடுத்துக் கழுவி ஏந்துவார், நான் செம்பிலிருந்து காப்பியை உயரத் தூக்கி ஊற்றுவேன். செம்பு சிரட்டையில் படக்கூடாது. படாமல் ஊற்றியதற்குப் பாட்டி என்னைக் கெட்டிக்காரி என்பாள். குடித்துவிட்டு அவரே கழுவி இடுக்கில் செருகிவிட்டுப் போவார். அவருக்கு அறுபது வயது இருக்கும். நான் அவரை "வா", "போ" என்றுதான் பேசினேன். இப்போதுதான் "அவர்" என்று எழுதுகிறேன்.

திருவிருந்து ஞாயிறு ஒரே பாத்திரம்தான். குருவானவர் அதே பாத்திரத்தைத்தான் எல்லாருக்கும் கொடுப்பார். அந்த அம்மா கடைசியாக வருவார். ஏன் கடைசியாக வருகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

என் பாட்டி கெட்டவள் அல்ல. காலை ஐந்து மணிக்கு எழுந்து சங்கீதம் சொல்வாள். ஊரில் பிள்ளைப்பேறு என்றால் ராத்திரி எந்த நேரமும் ஓடுவாள். கீர்த்தனை பாடும்போது அவள் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கண்ணீர் பொய் இல்லை. சிரட்டையும் பொய் இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. உன் அப்பா அம்மாவைப் பற்றி நினைக்கும்போது இதை மறந்துவிடாதே. அவர்களை வேஷக்காரர்கள் என்று முடிவுகட்டிவிட்டால் பேச வாய் திறக்க முடியாமல் போகும்.

அதே சமயம், இது நேற்று வந்த கேள்வி என்று அவர்கள் சொல்லவும் முடியாது. 1833-இல் கல்கத்தா பேராயராக இருந்த டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்குக் கடிதம் எழுதினார். சாதி வேற்றுமையை உறுதியாக, உடனடியாக, முடிவாக விட்டுவிட வேண்டும் என்றார். அதற்காகத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது. வெள்ளாளன்விளையில் பிறந்து, பிற்காலத்தில் பேராயரான அசரியா 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் நின்று, எங்களுக்காக எல்லாம் கொடுத்தீர்கள், நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். நம் பக்கத்து ஆள் என்று அதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். நம்மைச் சமமாக உட்கார வைக்கவில்லையே என்று அவர்களிடம் கேட்டது நியாயம் என்றால், நம் பந்தியில் நாம் யாரை உட்கார வைக்கிறோம்? உன் அப்பா கமிட்டியில் இருப்பவர். அவருக்கு அசரியாவைத் தெரிந்திருக்கும். இதை அவரிடம் கேள்வியாகவே கேள், குற்றப்பத்திரிகையாக வாசிக்காதே.

கனம்பண்ணுவதற்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கனம்பண்ணுவது என்றால் போனில் சண்டை போடாமல் பஸ் ஏறி ஊருக்குப் போய், அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது. அவர் கத்தினால் நீ கத்தாமல் இருப்பது. அம்மாவைத் தூதுக்கு அனுப்பாமல் இருப்பது. ரகசியமாகப் பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு வந்து நிற்காமல் இருப்பது. ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னால் பொறுப்பதும் கனம்தான், அந்தப் பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் சம்மதம் என்றால். ஆனால் "நம்ம ஆளுங்க" என்ற சொல்லுக்காக அவளை விட்டுவிடுவது கனம்பண்ணுவது ஆகாது. கர்த்தருடைய பந்தியில் உங்களோடு முழங்கால் போட்டவள் நம்ம ஆள் இல்லை என்றால் வேறு யார் நம்ம ஆள்?

பாட்டி இறந்தபின் வீட்டை வெள்ளையடிக்கும்போது அந்தச் சிரட்டை இடுக்கிலேயே இருந்தது. நான்தான் எடுத்தேன். அந்த அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க இனி வழியும் இல்லை. உன் அம்மாவுக்கு இன்னும் வழி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்.

* * *

முதுகுத் தண்டில் நோய். நான்கு வருஷமாகப் படுக்கை. முன்பு ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன், வீடு வீடாக ஜெபிக்கப் போனேன். இப்போது எல்லாவற்றுக்கும் மருமகளை எதிர்பார்க்கிறேன். என்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்?
— ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

அன்புச் சகோதரி, உங்கள் கடிதம் பென்சிலில், படுத்துக்கொண்டே எழுதிய எழுத்தில் வந்தது. மூன்று தடவை வாசித்தேன்.

டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடி ஓடிப் பிள்ளைகளைக் காப்பாற்றினவர்கள் என்றுதான் நாம் பேசுகிறோம். 1931-இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப் பின் 1951 ஜனவரியில் கண் மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் இருந்தார்கள். அந்த அறையிலிருந்துதான் புத்தகங்கள் எழுதினார்கள், பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி அனுப்பினார்கள். டோனாவூரில் அவர்கள் கல்லறைக்கு மேல் நினைவுக்கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிதான் இருக்கிறது.

ஆனால் நீங்களும் புத்தகம் எழுதுங்கள் என்று சொல்வதற்காக இதை நான் எடுக்கவில்லை. வலியில் எழுத முடியாத நாட்கள் அவர்களுக்கும் நிறைய இருந்தன. நான் சொல்ல வந்தது உங்கள் மருமகளைப் பற்றி. பிறர் காலைக் கழுவுவது நமக்குப் பழக்கம். தன் காலைக் கழுவ விடுவதற்குப் பேதுருவே முரண்டு பிடித்தான். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றான். நான்கு வருஷமாக நீங்கள் கற்றுக்கொண்டிருக்கிற பாடம் அதுதான். ஓய்வுநாள் பள்ளியில் இந்தப் பாடத்தை நாம் யாரும் ஒழுங்காக நடத்தவில்லை.

உங்கள் மருமகள் படுக்கை விரிப்பை மாற்றும்போது "உனக்குப் பாரமா இருக்கேன்" என்று சொல்லாதீர்கள். அதற்கு அவள் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் அவளுக்கு ஒரு வேலை. பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னைக்கு முதுகுக்கு சுகமா இருக்கு" என்று சொல்லுங்கள். அவள் அம்மா வீட்டைப் பற்றி விசாரியுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவள் வெளியே போய்வர உங்கள் மகனை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல முடியும், அவளால் கேட்க முடியாது. பழைய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாளைக்கு ஒருவராக எடுத்து ஜெபியுங்கள். போன் நம்பர் இருந்தால், ஜெபித்தேன் என்று இரண்டு வரி. அந்த வரிசையில் கடைசியில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மூட்டுவலியோடு கொஞ்சம் பொறுமைக் குறைவும் இருக்கிறது.

* * *

அம்மா வீட்டில் தினமும் கைப்பிடி அரிசி எடுத்து வைப்போம். கல்யாணமாகி சென்னை வந்தபின், ஃபிளாட்டில் யாரும் வந்து சேர்ப்பதில்லை என்று விட்டுவிட்டேன். மாதம் பிறந்ததும் ஜிபே-யில் காணிக்கை அனுப்பிவிடுகிறேன், முன்பைவிடப் பல மடங்கு. ஆனாலும் ஏதோ குறைகிறது. இது வெறும் பழைய நினைவுதானா?
— ஆறு வயது மகனின் தாய், சென்னை

பழைய நினைவு மட்டும் இல்லை, மகளே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைத்தபின், அரிசி களைவதற்கு முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது வழக்கம். மாதம் ஒரு முறை ஓலைப்பெட்டியில் ஆலயத்துக்குப் போகும். அங்கே ஏலம் விட்டு மிஷனெரிப் பணிக்கு அனுப்புவார்கள். 1903-இல் அசரியாவும் மற்றவர்களும் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோது, ஆளும் பணமும் இந்தியாவிலிருந்தே வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியரை அனுப்பினார்கள். பனையேறிகள் வீடுகளில் பணம் ஏது? அரிசி இருந்த வீட்டில் அரிசி, அதுவும் இல்லாத வீட்டில் கருப்பட்டி.

1966-இல் அரிசித் தட்டுப்பாடு. எங்கள் வீட்டில் பாதி நாள் கேப்பைக் கஞ்சி. அம்மா அன்றைக்கு எது கஞ்சியோ அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டாள். "கேப்பையை ஆலயத்தில் யாரும்மா ஏலம் எடுப்பா?" என்று கேட்டேன். "எடுக்காட்டி கோழிக்குப் போடட்டும், எடுத்து வைக்கது என் வேலை" என்றாள்.

இப்போது நான் தனியாகச் சமைக்கிறேன். போன மாதம் அளந்து பார்த்தேன். என் கைப்பிடி 45 கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்றால் மாதம் 1,350 கிராம், வருஷத்துக்குச் சுமார் 16 கிலோ. உன் ஜிபே தொகைக்கு முன்னால் இது பெரிதே இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு தடவை நீ முடிவு செய்கிறாய், உன் அம்மா முப்பது தடவை முடிவு செய்தார்கள். களைப்பான நாளில், வீட்டுக்காரரோடு மனஸ்தாபமான நாளில், கையில் காசில்லாத நாளில், தங்கள் வயிற்றுக்கு அளக்கும் முன்னால் இன்னொருவர் வயிறு ஞாபகம் வந்தது. நீ தேடுகிற குறை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜிபே-யை நிறுத்தாதே. அதோடு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வை. யாரும் வந்து சேர்க்க வேண்டாம். மாதக் கடைசியில் யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து பேசுங்கள். பேர் தெரிந்த ஒருவராக இருக்கட்டும். கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம். சோறு பொங்குவதற்கு முன்னால் உன் மகனைக் கூப்பிட்டு அவன் கையால் எடுக்கச் சொல். ஆறு வயதுக் கையில் கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும்.

என் அம்மாவின் கை என்னுடையதைவிடப் பெரியது. அவள் கைப்பிடி எத்தனை கிராம் என்று அந்தக் காலத்தில் அளந்து பார்க்கத் தோன்றவில்லை. உன் மகனின் கையில் எத்தனை பிடிக்கிறது என்று அளந்து அடுத்த மாதம் எனக்கு எழுது.